கார்டில் நெகட்டிவ், எலைசாவில் பாசிட்டிவ்: டெங்குவுக்கு எந்த டெஸ்டை நம்புவது?

கேள்வி: என் மகனுக்கு வயது 14. காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே பக்கத்து லேபில் டெங்கு கார்டு டெஸ்ட் எடுத்தோம். என்எஸ்1 நெகட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ், ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ். "டெங்கு இல்லை, வைரல் காய்ச்சல்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். காய்ச்சல் விடவில்லை. ஆறாம் நாள் அரசு மருத்துவமனையில் எலைசா (கருவியில் அளக்கும் ரத்தப் பரிசோதனை) எடுத்ததில் ஐஜிஎம் பாசிட்டிவ். இப்போது குணமாகிப் பள்ளிக்குப் போகிறான். ஆனால் அந்த லேபில் கேட்டால், எங்கள் கார்டு 95 சதவீதம் துல்லியம் என்று பெட்டியையே எடுத்துக் காட்டுகிறார்கள். யார் சொல்வது சரி? பயத்தில் நானும் அதே கார்டில் பார்த்தேன், எனக்கும் ஐஜிஜி பாசிட்டிவ். எனக்கு டெங்கு வந்ததே இல்லையே, டாக்டர்? - வாசகி, திருச்சி

பதில்: பையன் நன்றாக இருக்கிறான் அல்லவா, அதுதான் முக்கியம். அந்த இரண்டு ரிப்போர்ட்டும் ஒன்றையொன்று மறுக்கவே இல்லை. இரண்டுமே சரியாக இருக்கலாம். ஏனென்றால் ரத்தம் எடுத்த நாள் வேறு.

ஐஜிஎம் என்பது கிருமிக்கு எதிராக நம் உடல் தயாரிக்கும் ஆன்டிபாடி. வைரஸ் உள்ளே வந்தவுடன் அது தயாராக நிற்காது. காய்ச்சல் தொடங்கி மூன்று நான்கு நாட்களில் சுமார் பாதிப் பேருக்குத்தான் அளக்கும் அளவுக்கு வரும், ஐந்தாம் நாளில் நூற்றுக்கு 80 பேர், பத்தாம் நாளில் கிட்டத்தட்ட எல்லோருக்கும். ஆக, இரண்டாம் நாள் ஐஜிஎம் பார்த்தால் உலகத்திலேயே சிறந்த எலைசாவும் பெரும்பாலும் நெகட்டிவ் என்றுதான் சொல்லும். கார்டைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அந்த நாட்களில் பார்க்க வேண்டியது என்எஸ்1, அது வைரஸே வெளியிடும் புரதம், முதல் நாளிலிருந்தே ரத்தத்தில் இருக்கும்.

சரி, அதுவும் நெகட்டிவ் வந்ததே என்று கேட்பீர்கள். அங்கேதான் அந்த ஐஜிஜி கோட்டை லேபில் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஐஜிஜியும் ஆன்டிபாடிதான், ஆனால் நோய் போன பிறகும் வருடக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். காய்ச்சலின் இரண்டாம் நாளிலேயே ஐஜிஜி இருக்கிறது என்றால் அது இந்தக் காய்ச்சலில் புதிதாக உருவானதல்ல, முன்பே டெங்கு வந்துபோயிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இரண்டாம் முறை டெங்கு வரும்போது பழைய ஐஜிஜி போய் என்எஸ்1 புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் டெஸ்டில் அது சிக்காமல் போக வாய்ப்பு அதிகம், கார்டில் இன்னும் அதிகம். இரண்டாம் முறையில் ஐஜிஎம்மும் சிலருக்குக் குறைவாகவே வரும். கடுமையான டெங்குவுக்கு வாய்ப்பு கூடுவதும் இரண்டாம் முறையில்தான். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து "டெங்கு இல்லை" என்று சொல்லியிருக்கக் கூடாது, "இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள், தினமும் ரத்த அணுக்களைப் பாருங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது அந்த 95 சதவீதத்துக்கு வருவோம், எனக்கு எரிச்சல் வரும் இடம் இதுதான். துல்லியம் என்று ஒரே ஒரு எண் கிடையாது. நோய் இருப்பவர்களில் எத்தனை பேரைப் பிடிக்கிறது என்பது ஒன்று, நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்பது இன்னொன்று. பெட்டியில் இருப்பது இதில் எது, எந்த நாள் ரத்தத்தில் சோதித்தது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. 2009இல் உலக சுகாதார நிறுவனத்துக்காகச் சந்தையில் இருந்த டெங்கு ஐஜிஎம் கிட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நோயைப் பிடிக்கும் திறன் ஒரு கிட்டில் வெறும் 21 சதவீதம், இன்னொன்றில் 99. நோய் இல்லாதவரை விட்டுவிடும் திறன் 77 முதல் 98 வரை. மலேரியா வந்தவர்களுக்கும், எப்போதோ டெங்கு வந்துபோனவர்களுக்கும் தவறாகப் பாசிட்டிவ் காட்டியதும் அதில் தெரியவந்தது.

இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இரண்டு திறனும் 90 சதவீதம் உள்ள ஒரு கார்டை எடுத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் காய்ச்சலோடு வரும் 1000 பேரில் 300 பேருக்கு டெங்கு என்றால், 270 பேருக்குச் சரியாகப் பாசிட்டிவ், 70 பேருக்குப் பொய்யாகப் பாசிட்டிவ். பரவாயில்லை. அதே கார்டை டெங்கு அடங்கிய மாதத்தில், 1000 பேரில் 20 பேருக்குத்தான் டெங்கு என்ற நிலையில் போட்டால், உண்மையான பாசிட்டிவ் 18, பொய் பாசிட்டிவ் 98. கார்டு மாறவில்லை, மாதம் மாறியது, அவ்வளவுதான்.

எலைசா எந்த விதத்தில் மேல் என்றால், கார்டில் கோடு தெரிகிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்கிறோம், எலைசாவில் நிறத்தின் அடர்த்தியைக் கருவி அளந்து எண்ணாகத் தருகிறது. கார்டைப் பெட்டியில் போட்டிருக்கும் நேரத்தில், பெரும்பாலும் 15-20 நிமிடத்தில், படித்துவிட வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் இல்லாத கோடு மங்கலாக எழும்பியிருக்கும், அதையும் பாசிட்டிவ் என்று எழுதிவிடுவார்கள். அரசுத் திட்டத்தில் கார்டு பாசிட்டிவை "இருக்கலாம்" என்ற கணக்கில்தான் வைப்பார்கள், உறுதி செய்ய எலைசா வேண்டும், அதற்கான ஐஜிஎம் கிட்டுகள் புனே தேசிய வைராலஜி நிறுவனத்திலிருந்து வருகின்றன. ஆனால் எலைசா தட்டில் 96 குழிகள், ஒரே ஒருவருக்காக அதைப் போட முடியாது, சேர்த்துவைத்துப் போடுவார்கள், ரிசல்ட் மறுநாள்கூட ஆகும். சின்ன லேபில் கார்டு ஓடுவதற்குக் காரணம் அதுதான், எல்லாம் ஏமாற்று என்று நினைக்காதீர்கள்.

உங்கள் ஐஜிஜி விஷயம். 2017-18இல் நாடு முழுவதும் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) எடுத்த ஆய்வில், தென் மாநிலங்களில் பரிசோதித்தவர்களில் சுமார் 77 சதவீதம் பேருக்கு டெங்கு ஐஜிஜி இருந்தது. அவர்களில் பெரும்பாலானோர் உங்களைப் போலவே "எனக்கு வந்ததே இல்லை" என்றுதான் சொல்லியிருப்பார்கள். டெங்கு பலருக்கு அறிகுறியே இல்லாமல் அல்லது ஒரு சாதாரணக் காய்ச்சலாக வந்துபோய்விடும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் போன்ற உறவுக்கார வைரஸ்களோ அதன் தடுப்பூசியோகூட இந்த டெஸ்டைக் குழப்பும். காய்ச்சல் இல்லாத உங்களுக்கு அந்த டெஸ்டே தேவையில்லை, மருந்தும் தேவையில்லை. அதற்காக இனி வராது என்றும் எண்ணிவிடாதீர்கள், டெங்குவில் நான்கு வகை உண்டு, ஒன்றுக்கு வந்த எதிர்ப்பு மற்றதை நீண்ட நாள் தடுக்காது.

அடுத்த முறை வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், எந்தத் தேதியில் தொடங்கியது என்பதை லேப் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். ஐந்து நாளுக்குள் என்றால் என்எஸ்1, முடிந்தால் எலைசாவில். அதற்குப் பிறகு ஐஜிஎம் எலைசா. எது நெகட்டிவ் வந்தாலும் தட்டணுக்கள், ஹிமாட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) இரண்டையும் மருத்துவர் பார்க்கட்டும். காய்ச்சல் இறங்கும் நாட்களில் விடாத வாந்தி, கடுமையான வயிற்றுவலி, ஈறில் ரத்தம், சோர்ந்து படுத்துவிடுவது, சிறுநீர் குறைவது இதில் ஏதாவது இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வேண்டாம்.

அப்புறம் ஒன்று. ஐஜிஎம் இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் தங்கும். அதற்குள் பையனுக்கு மறுபடி காய்ச்சல் வந்து டெஸ்ட் எடுத்தால் ஐஜிஎம் பாசிட்டிவ்தான் வரும், அது பழையதாக இருக்கலாம். இந்த ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள், மலேரியா, ஸ்க்ரப் டைபஸ், எலிக்காய்ச்சல் எல்லாம் பார்க்க வேண்டுமா என்று அந்த மருத்துவர் முடிவு செய்வார்.