மிரட்டல் இருக்கும்போது அரசியல் கூட்டத்தைத் தடை செய்வதில் என்ன தவறு?

“பேச்சுரிமை என்கிறீர்களே, அடிதடி வந்து நாலு பேர் மண்டை உடைந்தால் யார் பொறுப்பு?” என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டத்துக்கு அனுமதி கேட்டுக் காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கு இருக்காது என்று நினைக்கிறேன். எனக்கு இருக்கிறது.

கட்சிகளுக்கு வரும் தேர்தல் நன்கொடை பற்றி ஓர் அரங்கக் கூட்டம் ஏற்பாடு செய்திருந்தோம். பேச இருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், குரலே உயர்த்தாத மனிதர். “நடத்திப் பாருங்கள், யார் வீட்டுக்குத் திரும்புகிறார்கள் என்று பார்ப்போம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. அதை ஆய்வாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். முழுதாகக் கேட்டார். பிறகு, “இவ்வளவு பிரச்சினை இருக்குன்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் எதுக்கு சார் நடத்துறீங்க?” என்றார். நாங்கள் கொடுத்த புகாரே எங்களுக்கு அனுமதி மறுக்கக் காரணமாகிவிட்டது. மிரட்டியவனை ஒரு விசாரணைக்குக்கூடக் கூப்பிடவில்லை. கூட்டத்தில் பேச மாட்டேன் என்று ஆசிரியரிடம்தான் எழுதி வாங்கினார்கள். கையெழுத்துப் போடும்போது அவர் கை நடுங்கியது. இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

உடனே சிலர், “அப்படியானால் கலவரத்தைத் தூண்டுகிறவனையும் பேச விடுவீர்களா?” என்று வருவார்கள். அப்படிச் சொல்லவே இல்லை. ஆளைக் காட்டி “அடி” என்று சொல்வது குற்றம், அதைத் தடுக்க, பேச்சுரிமைக்கு எந்தக் காரணங்களுக்காக வரம்பு வைக்கலாம் என்று சொல்லும் அரசியல் சட்டத்தின் 19(2) பிரிவு இடம் தருகிறது. நான் கேட்பது ஒன்றுதான்: ஆபத்து யாரிடமிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா? பேசுகிறவரிடமிருந்தா, பேச விடமாட்டேன் என்பவரிடமிருந்தா?

இது புதுக் கேள்வியும் இல்லை. பத்திரிகையாளர் ரொமேஷ் தாப்பரின் ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழைப் பொதுப் பாதுகாப்பின் பேரில் மதராஸ் அரசு தடை செய்தது. 1950இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. மறு வருடமே அரசியல் சட்டத்தில் முதல் திருத்தம் கொண்டுவந்து, பேச்சைக் கட்டுப்படுத்த ஒரு காரணமாக 19(2)இல் ‘பொது ஒழுங்கு’ என்பதைச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகும், இட ஒதுக்கீட்டை விமர்சித்த ஒரு தமிழ்ப் படம் பற்றிய ரங்கராஜன் வழக்கில், 1989இல், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்தை நசுக்கக் கூடாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை என்று அதே நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அந்தப் படத்தின் கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. தீர்ப்பில் உண்டு.

    

நான் வக்கீல் இல்லை. நாளைக்கு உங்கள் கூட்டத்துக்கே இப்படி அனுமதி மறுத்தால், மறுப்பதை வாய்வார்த்தையாக ஏற்காதீர்கள், காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். தேதிக்குப் பல நாள் முன்பே மனு கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். கடைசி நாளில் மறுத்தால் உயர் நீதிமன்றம் போகவும் நேரம் இருக்காது. எங்களுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் சொன்னார்கள்.