அப்பா கேட்டார், நீர் கேட்கவில்லை

கேள்வி: எனக்கு 24 வயது. ஊர் வன்னியில் முள்ளியவளை. இளையராஜா, நாதஸ்வரம், பாகிஸ்தான் பாடகர் நுஸ்ரத் பதே அலி கானின் கவ்வாலி என்ற சூஃபிப் பாட்டு, ரெகே என்று எல்லா வகையும் கேட்பேன். நல்ல பாட்டு அகப்பட்டால் உடனே குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில் போடுவேன். கனடாவில் இருக்கும் அண்ணா ஒரு பெருவிரல் படம் போடுவார், அவ்வளவுதான். வீட்டில் ஒருவருக்கும் ரசனை இல்லை. அப்பா முந்திக் கோவலன் கூத்துக்கு மத்தளம் அடித்தவர். இப்போது வயல்தான். அவரிடம் பட்டன் போன். ஒருநாள் ஸ்பீக்கரில் ரெகே போட்டிருந்தபோது மண்வெட்டியோடு போனவர், "முதல் தட்டை விட்டிட்டெல்லோ அடிக்கிறாங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். இதெல்லாம் அவருக்கு எங்கே விளங்கப்போகிறது? கொழும்பில் என் ரசனைக்கு ஆட்கள் இருப்பார்கள். போகலாமா?

பதில்: தம்பி, "இசைக்கு எல்லை இல்லை, உமக்கேற்றவர்கள் ஒருநாள் கிடைப்பார்கள்" என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர். எழுதமாட்டேன். வீட்டில் கேட்க ஆளில்லை என்ற கடிதம் எனக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறது. உம்முடைய வீட்டில் ஆள் இருக்கிறார்.

அப்பா சொன்ன அந்த ஒரு வசனத்தைப் பாரும். ரெகே 1960களின் கடைசியில் ஜமெய்க்காவில் உருவான இசை. அதன் அடையாளமான ட்ரம்ஸ் அடிக்கு 'வன் ட்ரொப்' என்று பெயர். நான்கு தட்டு எண்ணினால் முதலாவது வெறுமை. அடியின் பாரம் முழுக்க மூன்றாவதில் விழும். பொப் மார்லியின் குழுவில் ட்ரம்ஸ் வாசித்த கார்ல்டன் பரட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இந்த அடிதான். உம் அப்பா அதைத் தோளில் மண்வெட்டியோடு, நடக்கிற நடையில் பிடித்துவிட்டார். நீர் எவ்வளவு காலமாகக் கேட்கிறீர்? அந்த முதல் தட்டு அங்கே இல்லை என்று உமக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் அவர் சொன்னதை விளக்கமின்மை என்று எழுதியிருக்கமாட்டீர். அந்த வரியை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை.

அவர் சொன்னதும் நீர் என்ன செய்தீர்? கடிதத்தில் இல்லை. "எப்படியப்பா கண்டுபிடிச்சனீங்கள்" என்று கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்.

கூத்துக்கு மத்தளம் அடிப்பது என்றால் என்னவென்று யோசித்துப் பாரும். விடிய விடிய ஆடுகிறவரின் காலையும் பாடுகிறவரின் வாயையும் ஒரே நேரத்தில் பார்த்து அடிக்கவேண்டும். கால் பிந்தினால் சமாளித்துக் கொடுக்கவேண்டும். விட்ட தட்டு அப்படிப்பட்டவருக்குத்தான் முதலில் கேட்கும். நீர் விரும்புகிற கவ்வாலியையும் அவருக்குப் போட்டுக் காட்டும். தலைப்பாடகர் ஒரு வரி எடுக்க, சுற்றி இருப்பவர்கள் கைதட்டி அதையே திருப்பிப் பாடுவார்கள். கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் செய்கிற வேலை அதற்குக் கிட்டத்தான் நிற்கிறது. அவர் அதில் என்ன பிழை பிடிப்பார் என்று அறிய எனக்கே ஆசை.

ஒருவருக்கும் ரசனை இல்லை என்கிறீர். பாட்டுப் போடுவது குறூப்பில், அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். பிறகு அவருக்கு எப்படிப் போய்ச் சேரும்? 1990களில், போர்க்காலத்தில், வன்னியில் கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோ கேட்டார்கள். சுற்றுகிறவருக்குக் கை சோர்ந்தால் சத்தம் இறங்கும், பக்கத்தில் இருப்பவர் மாறிப் பிடிப்பார். உம் அப்பா அந்தக் காலத்து ஆள். அவருக்கு நீர் ஒரு பாட்டைத் தானும் பக்கத்தில் இருந்து போட்டுக் காட்டவில்லை.

மகன் மத்தளக்காரனாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தகப்பனுக்குத் தெரிந்ததை அவர் இருக்கும்போதே கேட்டு வைத்திருப்பது பிள்ளையின் கடமை. வயலுக்குத் துணைக்குப் போவது எப்படியோ, இதுவும் அப்படித்தான். இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

இன்று பின்னேரம் அவர் கைகால் கழுவிவிட்டுத் தேத்தண்ணியோடு இருக்கும்போது அதே ரெகேயைப் போடும். விளக்கம் ஒன்றும் சொல்லவேண்டாம். "விட்ட தட்டு எதப்பா?" என்று மட்டும் கேளும். முதல் நாள் "உனக்கேன் இப்ப அது" என்று எழும்பிப் போகக்கூடும். மறுநாளும் கேளும். கதிரைக் கையில் தட்டிக் காட்டத் தொடங்கிவிட்டால், கோவலன் கூத்தின் தாளக்கட்டை வாயால் சொல்லச் சொல்லிப் போனில் பதிவு செய்யும். அதைக் குறூப்பில் போடும். கனடாவில் இருக்கிறவருக்கும் அவர்தான் அப்பா.

அப்புறம் ஒரு விஷயம். அந்த மத்தளம் இப்போது எங்கே என்று நீர் எழுதவே இல்லை. வீட்டு மூலையில் தோல் வெடித்துக் கிடக்கலாம், 2009 இடப்பெயர்வில் போயிருக்கலாம். அதையும் அவரிடமே கேளும்.

கொழும்புக்கு வேலைக்கென்றால் தாராளமாகப் போம், நான் தடுக்கவில்லை. முதல் சம்பளத்தில் புது ஸ்பீக்கர் வேண்டாம். லீவில் வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மத்தளம் வாங்கிக் கொடும். எது நல்லதென்று அவர் தட்டிப் பார்த்து எடுக்கட்டும்.