நின்றபடி ஸ்கேன் எடுத்தீர்களா?

தொடையில் சிவப்பும் நீலமுமாக மெல்லிய கோடுகள். லேசரில் ஒரே தடவையில் போய்விடுமா? (வாசகி, ஈரோடு)

போகாது. ஆறு முதல் எட்டு வார இடைவெளியில் இரண்டு மூன்று தடவையாவது ஆகும். தவிர, காலில் வரும் சிலந்தி நரம்புக்கு (சிலந்தி வலை போலத் தோலில் தெரியும் மெல்லிய ரத்தக்குழாய்) முதல் வைத்தியம் லேசர் இல்லை, ஊசி. பாலிடோகனால் மருந்தை நுண்ணூசியில் ஏற்றினால் குழாயின் உள்சுவர் ஒட்டிக்கொள்ளும். ஊசி நுழைய முடியாத மெல்லிய கோடு, ஊசிக்குப் பிறகு புதிதாகக் கிளம்பும் செம்படலம், ஊசியைக் கண்டாலே மயங்குகிறவர்கள்: இங்கேதான் லேசருக்கு வேலை. நம் மாநிறத் தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் பாதுகாப்பானது. 532 போன்ற குறைந்த அலைநீளத்தைத் தோலின் நிறமியே உறிஞ்சிக்கொள்ளும்; கோடு இருந்த இடத்தில் சூட்டுத் தழும்பு மிஞ்சும். என்ன மெஷின் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

போட்டோ அனுப்பியிருக்கிறேன். லேசர் செய்யலாமா? (ஊர் எழுதாத வாசகர்)

வயது இல்லை, வேலை என்னவென்று இல்லை, வலியா வீக்கமா என்று இல்லை, எந்தக் கால் என்றுகூட இல்லை. மங்கலான ஒரு படத்தைப் பார்த்துச் சொன்னால் அதற்குப் பெயர் ஜோசியம். டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) எடுத்துவிட்டு எழுதுங்கள்.

டாப்ளரில் நார்மல் என்று வந்தது. ஆனாலும் கெண்டைக்காலில் நரம்பு புடைத்தே நிற்கிறது. பியூட்டி பார்லரில் லேசர் பேக்கேஜ் இருக்கிறது என்கிறார்கள். (வாசகி, திருப்பூர்)

அந்த ரிப்போர்ட்டை எடுத்து வாசியுங்கள். 'ஆழ்குழாய்களில் ரத்தக்கட்டி இல்லை' என்ற ஒரு வரிதான் இருக்கிறதா? அப்படியானால் உங்களைப் படுக்கவைத்து, கட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு அது சரியான பதில். உங்கள் கேள்வி வேறு.

ரத்தம் கீழே திரும்பாமல் தடுப்பது குழாய்க்குள் இருக்கும் வால்வு; அது கசிகிறதா என்று பார்க்க நோயாளி நிற்க வேண்டும். எடையை மற்றக் காலில் ஊன்றி, பார்க்க வேண்டிய காலைச் சற்றே மடக்கி வெளிப்புறம் திருப்பி நிற்கவைத்து, தொடையிடுக்கில் ஸ்கேன் கருவியின் புரோபை வைத்து, கெண்டைக்காலை அமுக்கி விட வேண்டும். மேலே ஏறிய ரத்தம் அங்கேயே நின்றால் வால்வு நன்றாயிருக்கிறது. அரை நொடிக்கு மேல் திரும்பி வழிந்தால் கெட்டுவிட்டது. தோலுக்கடியில் ஓடும் பெரிய சஃபீனஸ், சின்ன சஃபீனஸ் குழாய்கள் இரண்டுக்கும் கசிவு எத்தனை நொடி, விட்டம் எத்தனை மில்லிமீட்டர், பெர்ஃபரேட்டர் (மேல்குழாயை ஆழ்குழாயோடு இணைக்கும் குழாய்) எந்த உயரத்தில் என்று எழுதாத ரிப்போர்ட் எனக்குப் பயன்படாது. ஐந்து நிமிடம் நிற்கவைக்கச் சோம்பல்பட்டால் வருடக்கணக்கில் நோய் ஓடும்.

பார்லர் பேக்கேஜுக்கு வருகிறேன். லேசர் என்ற ஒரே பெயரில் இரண்டு வைத்தியம் இருக்கிறது. ஒன்று தோலுக்கு மேலே, மெல்லிய கோடுகளுக்கு. மற்றது குழாய்க்கு உள்ளே: ஸ்கேன் பார்த்தபடி முழங்கால் அருகே துளையிட்டு ஃபைபரை ஏற்றி, தொடையிடுக்குச் சந்திப்புக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே நுனியை நிறுத்தி, குழாயைச் சுற்றி மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் கலந்த சலைனை நிரப்பி, சென்டிமீட்டருக்குச் சுமார் 60 முதல் 80 ஜூல் சூடு கொடுத்தபடி இழுத்து வருவார்கள். சலைன் போதாவிட்டால் தோல் சுடும், உணர்வு நரம்பு பாதிக்கும். மேலே வால்வு கசியும்போது தோல்மேல் லேசர் வைப்பது, டேங்க் ஒழுகுவதைப் பார்க்காமல் சுவர்க் கறைக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. சில மாதத்தில் கோடு திரும்பும், கூடவே தழும்பும் இருக்கும்.

இன்னொன்று. ஊர் முழுக்க 'நரம்பு' என்கிறோம், நானும் எழுதுகிறேன். அதற்காக நரம்பியல் டாக்டர் வாசலில் டோக்கன் போட்டு உட்காராதீர்கள். போக வேண்டியது ரத்தக்குழாய் சர்ஜனிடம்.

உள் லேசர் செய்து பத்து நாள். தொடையின் உட்புறம் கயிறு போல இறுகி இழுக்கிறது. (வாசகர், சேலம்)

மூடிய குழாய்தான் அப்படி இழுக்கும். சில வாரத்தில் தளரும், நடப்பதை நிறுத்தாதீர்கள். ஆனால் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றே ஸ்கேன். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக எமர்ஜென்சி.

ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கிறேன். வெயிலில் ஸ்டாக்கிங்ஸ் (காலை இறுக்கிப் பிடிக்கும் உறை) போட முடியவில்லை. (வாசகி, மதுரை)

தொடைவரை வாங்கியிருப்பீர்கள். முழங்காலுக்குக் கீழே வரை வருவது பெரும்பாலானவர்களுக்குப் போதும், அழுத்தத்தில் இரண்டாம் கிளாஸ். வீக்கம் இல்லாத காலை நேரத்தில் கணுக்கால், கெண்டைக்கால் அளவெடுத்து வாங்குங்கள். படுக்கையை விட்டு எழுமுன் போடுங்கள். கொலுசு, மெட்டியைக் கழற்றிவிடுங்கள், நூல் சிக்கும். நீளம் மிஞ்சுகிறது என்று மேல்விளிம்பை மடித்தால் அங்கேயே இறுக்கும். எண்ணெய் தடவிய காலில் வேண்டாம். ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், மாற்றுங்கள். சர்க்கரைக்காரர்கள் பாத நாடியைக் காட்டிய பிறகே போட வேண்டும். இன்னொன்று, கடையில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. கேளுங்கள்.

குளிக்கும்போது கணுக்கால் பக்கம் நரம்பு வெடித்து ரத்தம் பீய்ச்சியது. மேலே கயிறு கட்டினேன். (வாசகர், தஞ்சாவூர்)

கட்டவே கூடாது, திரும்பிப் போகும் ரத்தத்தைத் தடுத்து இன்னும் அதிகமாக ஒழுகவைக்கும். அங்கேயே படுங்கள், காலைச் சுவரில் உயர்த்துங்கள், சுத்தமான துணியை வைத்து அந்த இடத்திலேயே விரலால் பத்து நிமிடம் அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். காப்பித்தூள் வேண்டாம். ரத்தம் நின்றுவிட்டாலும் அன்றே டாக்டரிடம் போங்கள், மறுபடி வெடிக்கும்.

ஆறாம் மாதம். லேசர் செய்துகொள்ளலாமா? (வாசகி, நாமக்கல்)

இப்போது எதுவும் வேண்டாம். பிரசவம் ஆகி ஆறு மாதம் கழித்து, என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கலாம். அதுவரை ஸ்டாக்கிங்ஸ்.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? (வாசகர், கோவை)

தோல்மேல் லேசருக்குக் கிடைக்காது, அழகுக்கானது என்று தள்ளிவிடுவார்கள். உள் லேசருக்குக் கேட்கலாம். பல பாலிசிகளில் இரண்டு வருடக் காத்திருப்பு உண்டு, தேதியைப் பாருங்கள். முன்அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது டாப்ளர் ரிப்போர்ட்டை இணையுங்கள். நின்றபடி எடுத்ததை.