பழைய கிராசியாஸ் இருப்பது மேற்கில்

வணக்கம். பழைய ஹோண்டுராஸ் ஆவணத்தில் 'லா காம்பா, கிராசியாஸ் மாவட்டம்' என்றிருக்கிறது, வரைபடத்தில் அகப்படவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் துழாவிய கிராசியாஸ் அ டியோஸ் கிழக்கே, கரீபியன் கரையில் இருக்கிறது; அது 1957-இல்தான் மாவட்டமானது.

பழைய கிராசியாஸ் மேற்கு மலைப்பகுதி. 1943-இல் அதற்கு லெம்பிரா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். லெம்பிரா என்பவர் ஸ்பானியரை எதிர்த்து மடிந்த, லென்கா என்ற பழங்குடியின் தலைவர். அந்நாட்டு நாணயமும் அவர் பெயர்தான். மாவட்டத் தலைநகரின் பெயர் மட்டும் இன்னும் கிராசியாஸ், குழப்பமே அதனால்தான். (1544-இல் மத்திய அமெரிக்காவுக்கே உயர் நீதிமன்றம் அங்கேதான் இருந்தது, இன்றைக்குப் பார்த்தால் நம்ப முடியாது!)

அங்கிருந்து தெற்கே, செலாக்கே மலைப்பக்கம் பாருங்கள். லா காம்பா அகப்படும். லென்கா பெண்கள் சக்கரமே இல்லாமல் கையால் பானை வனையும் ஊர்.