டிபுக் பெட்டி நிஜமா? கேள்வி பதில்

கேள்வி: ‘எஸ்ரா’ மலையாளப் படத்தில் வருவது போன்ற, டிபுக் என்ற ஆவியை அடைத்துவைத்த பெட்டிகள் யூதர்களிடம் நிஜமாகவே இருந்தனவா?

பதில்: இல்லை. 2003-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் பழைய மரச்சாமான் விற்பவர் ஒருவர், ஒயின் அலமாரி ஒன்றை ஈபேயில் ஏலம் விட்டார். நாஜிகளிடமிருந்து தப்பிய பாட்டி ஒருவரின் பொருள், உள்ளே ஆவி இருக்கிறது என்று கூடவே ஒரு கதை. அது தான் கட்டிய கதை என்று 2021-ல் அவரே ஒப்புக்கொண்டார். மரபுக் கதைகளில் டிபுக் ஏறுவது ஆள் மீதுதான்.

கேள்வி: டிபுக் என்பது சாத்தானா?

பதில்: செத்துப்போன மனிதன். பாவச்சுமையால் மறுபிறவியும் கிடைக்காமல் அலைபவன். யூத மறைஞான மரபான கபாலாவில் மறுபிறவி உண்டு.

கேள்வி: எப்படி ஓட்டுவார்கள்?

பதில்: பெயர், ஊர், செய்த பாவம் எல்லாவற்றையும் ஆவியின் வாயாலேயே வரவழைப்பார்கள். பத்து ஆண்கள் கூடி ஜெபிப்பார்கள், ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுவார்கள். 16-ம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் ஊரில் ஒரு விதவைக்குப் பிடித்த கதை பிரபலம். பிடித்தவன் கடலில் மூழ்கிச் செத்தவன். பிறன் மனைவியோடு உறவு வைத்திருந்தவன். குரு ஐசக் லூரியா தன் சீடர் ஹாயிம் விட்டாலை அனுப்புகிறார். அவர் உள்ளே நுழைந்ததும் அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தொண்டை வழியே போனால் அவள் உயிருக்கு ஆபத்து என்பதால், கால் சுண்டுவிரல் வழியாகப் போ என்று ஆணை! அப்புறம் வாசலைப் பார்த்தால், நிலையில் பதிக்கும் வேத வாசகமான மெசூசா சரியாக இல்லை. பேய் புகுந்தது அதனால்தானாம்.

கேள்வி: அப்படியானால் பொருள்களுக்கு இதில் பங்கே இல்லையா?

பதில்: உண்டு, ஆனால் தலைகீழாக. பேயைப் பிடித்துவைக்கும் பொருள்கள் இருந்தன. சுமார் 5 முதல் 8-ம் நூற்றாண்டு வரை, இன்றைய ஈராக்கில் மண் கிண்ணத்தின் உட்புறம் அராமிய மந்திரத்தைச் சுழல் சுழலாக எழுதி, வீட்டுக்குள்ளும் வாசற்படிக்கு அடியிலும் கவிழ்த்துப் புதைத்தார்கள். சிலவற்றின் நடுவே விலங்கிட்ட பேயின் படம். அங்குள்ள பழைய நகரமான நிப்பூரின் அகழ்வாய்வில் நிறைய கிடைத்தன. எனக்குப் பிடித்தவை லிலித் என்ற பெண் பேயை வீட்டை விட்டு விரட்ட எழுதியவை: கணவன் மனைவிக்குத் தரும் விவாகரத்துப் பத்திரத்தின் அதே வாசகம்! மந்திரவாதியும் வக்கீலும் ஒரே ஆள் போலிருக்கிறது.

கேள்வி: ஆன்லைனில் விற்கும் பெட்டியை வாங்கலாமா?

பதில்: தாராளமாக. மரம் நல்லதா, தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.