வெப்பப் படத்தில் தெரியும் நீர்: சேலம் வட்டாரத்துக் கேள்விகளுக்குப் பதில்

மண்ணிலிருந்து ஆவியாகும் நீரையும் பயிரின் இலைவழி வெளியேறும் நீரையும் சேர்த்து ‘ஆவியிழப்பு’ என்று இங்கே குறிப்பிடுகிறேன்.

ஆத்தூர், மரவள்ளி விவசாயி: வானத்திலிருந்து எடுத்த படம் என் காட்டின் ஆவியிழப்பை எப்படிச் சொல்லும், ஐயா?

செயற்கைக்கோள் ஆவியைப் பார்ப்பதில்லை. நிலத்தின் மேற்பரப்பு எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. உச்சிவெயிலில் புழுதிக்காட்டிலிருந்து தண்ணீர் பாய்ந்த மஞ்சள் வயலுக்குள் வெறுங்காலோடு இறங்குபவருக்குப் பாதம் சொல்லும் செய்தியும் அதுவே. நிலத்துக்குக் கிடைக்கும் நிகரக் கதிராற்றலில், அதாவது வந்த கதிரில் திரும்பிப் போனது போக எஞ்சியதில், ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது, ஒரு பங்கு காற்றைச் சூடாக்குகிறது. அவ்விரண்டையும் கழித்தபின் எஞ்சுவது நீரை ஆவியாக்கச் செலவானது. ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2.45 மெகாஜூல் வேண்டும் என்பதால், எஞ்சிய ஆற்றலை மில்லிமீட்டராக மாற்றிவிடலாம். நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் என்றால் ஏக்கருக்குச் சுமார் 20,000 லிட்டர்.

ஓமலூர்: எனக்கு ஒன்றரை ஏக்கர்தான். அது தனியாகத் தெரியுமா?

தெரியாது. லேண்ட்சாட் 8, 9 ஆகிய செயற்கைக்கோள்களின் வெப்ப உணரி 100 மீட்டர் கட்டமாகப் பார்க்கிறது. ஒரு கட்டம் இரண்டரை ஏக்கர். கோப்பில் 30 மீட்டர் என்று இருப்பது பின்னர் மறுகணக்கிட்டுத் தருவது. உங்கள் வயலும் பக்கத்துத் தென்னையும் வண்டித்தடமும் ஒரே எண்ணில் கலந்துவிடும்.

ஏற்காடு, காப்பித் தோட்டக்காரர்: பங்குனி வறட்சியிலும் எங்கள் தோட்டத்தில் ஆவியிழப்பு மிக அதிகம் என்று வரைபடம் காட்டுகிறது. நம்பலாமா?

நம்ப வேண்டாம், சேர்வராயன் மலையில் இந்தக் கணக்கைப் போடுவோர் பெரும்பாலும் இடறுவது இந்த இடத்தில்தான். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. ஏற்காடு சேலம் நகரைவிட ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒரு சொட்டு நீர் ஆவியாகாவிட்டாலும் எட்டு டிகிரி அளவுக்குக் குளிர்ந்து தெரியும். அந்தக் குளிர்ச்சியை ஈரம் என்று கணக்கு எடுத்துக்கொள்கிறது. எனவே உயர வரைபடத்தைக் கொண்டு ஒவ்வொரு கட்டத்தின் வெப்பநிலையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே கணக்கிட வேண்டும். அது மட்டும் போதாது. லேண்ட்சாட் காலை பத்து மணி சுமாருக்குக் கடக்கிறது. அந்நேரம் கிழக்குச் சரிவு நல்ல வெயிலிலும் மேற்குச் சரிவு சாய்ந்த வெயிலிலும் இருக்கும் என்பதால், கதிராற்றலையும் சரிவுக்கேற்பத் திருத்த வேண்டும். இவ்வளவும் செய்தபின் கிடைக்கும் எண்ணும் சில்வர் ஓக் நிழல்மரத் தலைகளையே மிகுதியாகக் குறிக்கும்; நிழலில் நிற்கும் காப்பிச் செடியின் தாகத்தை அது தனியே சொல்லாது.

சேலம், ஆய்வு மாணவி: வெப்பப் படத்திலிருந்து ஆவியிழப்பைக் கணக்கிடும் செபால் (SEBAL) முறைக்கு, ஆவியிழப்பே இல்லை என்று கொள்ளத்தக்க ‘மிக வெப்பமான கட்டம்’ ஒன்று அளவுகோலாகத் தேவை. சுண்ணாம்புக் கரட்டு வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத்தை எடுத்தேன். சரியா?

மாற்றிவிடுங்கள், அம்மா. வெள்ளைக்கல் ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது; பாறை வெப்பத்தை உள்வாங்கும் விதமும் வயல்மண்ணைப் போன்றதன்று. அண்மையில் மழை பெய்யாத, உழுது காய்ந்து கிடக்கும் சமவெளிக் காடு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஒரு தேர்வு தவறினால் வரைபடம் முழுவதும் தவறும்.

மேட்டூர்: ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைத்தால்?

இரு செயற்கைக்கோள்களும் சேர்ந்து 8 நாட்களுக்கொரு முறைதான் வருகின்றன. மேகம் மறைத்தால் அந்த முறையும் போயிற்று. இடைவெளியை நிரப்ப ஆவியிழப்பை அப்படியே நீட்டாமல், நன்கு நீர் பாய்ந்த புல்வெளிக்கு வானிலைத் தரவிலிருந்து கணக்கிடும் ஆவியிழப்பில் உங்கள் வயலின் ஆவியிழப்பு எத்தனை பங்கு என்ற விகிதத்தை நீட்டி, அதை அன்றன்றைய புல்வெளி ஆவியிழப்பால் பெருக்க வேண்டும்.

பனமரத்துப்பட்டி, ஊராட்சி உறுப்பினர்: சொட்டுநீர் போட்ட பிறகும் கிணறுகள் ஏன் இறங்குகின்றன?

வாய்க்காலில் பாய்ச்சியபோது பயிர் குடித்தது போக மண்ணுக்குள் இறங்கியதில் ஒரு பகுதி கிணற்றுக்கே திரும்பியது. சொட்டுநீர் அந்த இறக்கத்தையும் ஈரமண்ணின் ஆவியையும் குறைக்கிறது. இலைவழி போகும் நீரைப் பெரிதும் குறைப்பதில்லை. மிச்சமான தண்ணீரில் இன்னும் இரண்டு ஏக்கர் நட்டால் ஊரின் மொத்த ஆவியிழப்பு கூடும், அந்த நீர் திரும்பாது. ஆகவே மோட்டார் ஓடிய மணியை மட்டும் எண்ணாமல், பருவம் முழுவதற்குமான ஆவியிழப்பை மழையளவோடு ஒப்பிடுங்கள். மழையை விஞ்சும் பகுதிகளைக் குறித்துக்கொண்டு, அங்குள்ள கிணறுகளின் மட்டத்தை மாதந்தோறும் கயிறு விட்டு அளந்து வாருங்கள்.