டிவி சத்தத்தை ஹோம் தியேட்டருக்குக் கொண்டுபோவது எப்படி? கேள்வி பதில்

ராயபுரத்தில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பது என் தொழில். வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் சொல்கிறேன். முதலில் ஒன்று: எந்த ஒயரைச் செருகினாலும் டிவி, ஆம்ப் இரண்டின் ஸ்விட்சையும் அணைத்துவிட்டுச் செருகுங்கள்.

தண்டையார்பேட்டை: பழைய ஆம்ப் இருக்கு அண்ணா. புது டிவிக்குப் பின்னாடி சிவப்பு, வெள்ளை ஓட்டையில செருகினேன். சத்தமே வரல.

புது டிவிகளில் அந்த ஓட்டைகள் பெரும்பாலும் சத்தத்தை உள்ளே வாங்குவதற்குத்தான். பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள், ‘ஏவி இன்’ என்று இருக்கும். வெளியே தருவது ஆப்டிகல் (சத்தத்தை வெளிச்சமாக அனுப்பும் ஓட்டை), ‘ஆர்க்’ என்று எழுதிய எச்டிஎம்ஐ, ஹெட்போன் ஓட்டை இவைதான். உங்கள் ஆம்பில் ஆர்சிஏ, அதாவது சிவப்பு, வெள்ளை ஓட்டை மட்டும் இருந்தால், ஆப்டிகலை அனலாகாக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று வாங்குங்கள். ஆப்டிகல் கேபிள் முனையில் கண்ணாடி மாதிரி ஒரு குட்டி மூடி இருக்கும், அதைக் கழற்றாமல் செருகி ‘பெட்டி போச்சு’ என்று கொண்டுவருகிறவர்கள் நிறைய. மூடியைக் கழற்றி, ஒரு முனையை டிவியில் செருகி, டிவியைப் போட்டால் மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரியும். அப்புறம் டிவி ஆடியோ செட்டிங்கில் ‘பிசிஎம்’ (சுருக்காத சாதாரண ஒலி) வையுங்கள். டால்பி என்ற சுருக்கிய ஒலியில் விட்டால் சாதாரணப் பெட்டிக்கு அது புரியாது. சத்தம் வராது, இல்லையென்றால் கரகரக்கும்.

பெரம்பூர்: புது சவுண்ட்பாருக்கு ஆப்டிகலா, ஆர்க்கா?

டிவி, சவுண்ட்பார் இரண்டிலும் ஆர்க் இருந்தால் ஆர்க்தான். டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூட்டலாம். ஓடிடி படங்களில் வரும் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் கேட்கிற மாதிரியான ஒலி), டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற வடிவத்தில் வருகிறது. டிவியும் பாரும் ஒத்துக்கொண்டால் ஆர்க் அதைக் கடத்தும், ஆப்டிகலால் முடியாது. ஆப்டிகல் சாதாரண 5.1 (ஆறு ஸ்பீக்கர் ஒலி) வரைதான். ஆர்க் 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்தது. 2017-இல் 2.1-உடன் வந்த இ-ஆர்க், புளூரேயின் சுருக்காத ஒலியையும் கொண்டுபோகும். ஓடிடி மட்டும் பார்க்கிறவர் அதற்காக டிவியை மாற்ற வேண்டாம். செட்டிங்கில் சிஇசி-யை (டிவி ரிமோட்டால் பாரையும் இயக்கும் வசதி) ஆன் செய்ய மறக்காதீர்கள். டிவிக்கு டிவி அதற்கு வேறு வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

கொருக்குப்பேட்டை: புளூடூத்தில் வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம்.

ஒயர் போடுங்கள்.

காசிமேடு: ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் வந்து வந்து போகுது. பின்னைத் திருகினா வருது.

கடல் காற்றின் வேலை. பின்னை உருவிப் பாருங்கள், வெள்ளி நிறம் மங்கி ஓரத்தில் பச்சை பூத்திருக்கும். ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். காய்ந்ததும் செருகி நாலு சுற்று சுற்றுங்கள்.

திருவொற்றியூர்: சிவப்பு, வெள்ளையில செருகினேன், சத்தம் இல்ல.

தண்டையார்பேட்டைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

புளியந்தோப்பு: செட்டாப் பாக்ஸை மாட்டினா ஸ்பீக்கர்ல ‘ம்ம்ம்’னு ஒரே ஓசை.

கேபிள் டிவி ஒயரை செட்டாப் பாக்ஸிலிருந்து திருகிக் கழற்றுங்கள். ஓசை நின்றால் இது எர்த் லூப். கேபிள் ஒயர் வெளியே எங்கோ ஒரு எர்த்தோடு வருகிறது, உங்கள் ஆம்ப் வீட்டு எர்த்தில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள சிறு வித்தியாசம் ஆடியோ ஒயரின் மேலுறை வழியாக ஓடுகிறது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுதான் அந்த ‘ம்ம்ம்’. ஆப்டிகலில் போவது வெறும் வெளிச்சம் என்பதால் அது வழியாக லூப் உண்டாகாது. ஆப்டிகல் இல்லையா, கிரவுண்ட் லூப் ஐசோலேட்டரை ஆடியோ ஒயருக்கு நடுவில் போடுங்கள். ஆம்ப் பிளக்கின் மூன்றாவது பின்னை, அதாவது எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள்.

வியாசர்பாடி: நான் மைக்செட் ஓட்டுறவன். இருபது வருஷமா எர்த் பின்னை வெட்டித்தான் ஓட்டுறேன். ஓசையும் இல்ல, ஒண்ணும் ஆகல.

அண்ணே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பின் ஓசைக்காக வைத்ததில்லை. ஆம்ப் உள்ளே ஒரு ஒயர் உரிந்து இரும்புப் பெட்டியைத் தொட்டால், கரண்ட் எர்த்தில் இறங்கி ஃபியூஸ் போகும். எர்த் இல்லையென்றால் ஃபியூஸ் போகாது, பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும், முதலில் கை வைக்கிறவர் வழியாக இறங்கும். ஒன்றும் ஆகவில்லை என்றால், அந்த ஒயர் இன்னும் உரியவில்லை என்றுதான் அர்த்தம்.

வியாசர்பாடி: டிவிக்கே ரெண்டு பின்தானே? அதுக்கு மட்டும் எர்த் வேணாமா?

நல்ல கேள்வி. ரெண்டு பின் டிவி இரட்டை இன்சுலேஷனோடு செய்தது. பின்னால் சதுரத்துக்குள் சதுரமாக ஒரு குறி இருக்கும், பாருங்கள். உங்கள் ஆம்ப் எர்த்தை நம்பிச் செய்தது. அதன் எர்த்தை வெட்டினால், பழுதான கரண்ட் ஆர்சிஏ ஒயர் வழியாக டிவிக்கும், அங்கிருந்து கேபிள் ஒயர் வழியாகத் தெருவுக்கும் போகலாம். அடுத்த வீட்டுப் பிள்ளை அந்த ஒயரைத் தொட்டால் என்ன ஆகும்? மழைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறும் ஏரியா நம்முடையது அண்ணே. தரை ஈரமாக இருக்கும் நாளில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

எண்ணூர்: எந்த கம்பெனி ஸ்பீக்கர் நல்லது?

நான் பழுது பார்க்கிறவன். கடையில் உங்கள் காதால் கேட்டு வாங்குங்கள்.

கொடுங்கையூர்: எங்கள் வீடு பழசு. மூணு ஓட்டை இருக்கு, ஆனா எர்த் வேலை செய்யுதான்னு தெரியல.

நீங்களே சோதிக்க வேண்டாம். எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்விட்ச் பெட்டிக்குள் எர்த் ஒயரே இழுக்காத பழைய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அப்படியே 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்) ஒன்றும் போடச் சொல்லுங்கள்.

வியாசர்பாடி: சரி தம்பி. அப்போ மேடையில ஓசை வந்தா என்ன பண்றது?

டிஐ பாக்ஸ் (சிக்னல் ஒயருக்கு நடுவில் போடும் சின்னப் பெட்டி) போடுங்கள் அண்ணே. அதில் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் இருக்கும். அது சிக்னல் ஒயரின் எர்த்தைத்தான் விடுவிக்கும், கரண்ட் எர்த்தை இல்லை. ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள். ஆனால் அதை வாங்குவதற்கு முன்னாலேயே பின் வெட்டிய பிளக்குகளை எல்லாம் மாற்றிவிடுங்கள். கடைக்குக் கொண்டுவந்தால் நானே மாற்றித் தருகிறேன், கூலி வேண்டாம்.